தோசைக்கல் பிரிண்டர்

“மாஸ்டர்! ரெண்டு நெய் ரோஸ்ட்டு, ஒரு ஊத்தப்பம்! ஊத்தப்பத்துல வெங்காயம் வேணாம்!”

ஜூஸ் கவுன்ட்டரிலிருந்து நான்சி போட்ட சத்தத்தில், பக்கத்து மேஜைக்காரர் காபியைச் சட்டையில் சிந்திக்கொண்டார்.

ஓட்டலின் பில்லிங் கம்ப்யூட்டரைப் பார்க்க வடலூரிலிருந்து வந்திருந்த வளவன் விழித்தான்.

“தோசைச் சீட்டு ஜூஸ் பிரிண்டர்ல ஏம்மா வருது?”

“தோசைக்கல்லுகிட்ட இருக்கிறது ரிப்பேர் சார். வெள்ளைச் சீட்டாத் தள்ளுது. முதலாளி எல்லாத்தையும் என் பக்கம் திருப்பி விட்டுட்டார். கத்திக் கத்தி, ஞாயித்துக்கிழமை கோயில்ல பாட்டு வரமாட்டேங்குது.”

“ரிப்பேர் பண்ணச் சொல்லலையா?”

“சொன்னேனே. ‘ஓட்டல்னா சத்தம் இருக்கணும்’ங்கறார். சரியான கஞ்சம்! அவர் வர்றதுக்குள்ள பாத்துக் குடுங்க சார்.”

அப்படி என்னதான் கோளாறு? வளவன் தோசைக்கல் பிரிண்டரைத் திறந்தான். சிரிப்பு வந்துவிட்டது.

பேப்பர் ரோல் திருப்பி மாட்டியிருந்தது. சூட்டில் எழுத்து விழும் பேப்பர். ஒரு பக்கம்தான் விழும். மறுபக்கம் தலைகீழாக நின்றாலும் வெள்ளைதான்.

சரியாக மாட்டினான். தோசை ஆர்டரைக் கம்ப்யூட்டரில் தோசைக்கல்லுக்கே திருப்பினான். அவ்வளவுதான் வேலை.

“சரியாப் பூடிச்சா தம்பி?” என்றார் தோசை மாஸ்டர் குழந்தைவேல். குரலில் சந்தோஷம் இல்லை. “இத்தினி நாளு நல்லாத்தான ஓடிகினு இருந்திச்சி.”

வளவனுக்கு அது விசித்திரமாகப் பட்டது.

நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிஃப்ட் விட்டது. கூட்டம் பிதுங்கியது. சீட்டுகள் மளமளவென்று இறங்கின.

ரோஸ்ட் கேட்டவருக்கு ஊத்தப்பம் போனது. ஊத்தப்பம் கேட்டவருக்கு ரவா தோசை.

மைன்ஸ் சட்டைக்காரர் ஒருவர் தட்டோடு எழுந்து வந்தார். “யோவ், சீட்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. படிக்கத் தெரியாதா?”

ஓட்டலே திரும்பிப் பார்த்தது.

குழந்தைவேல் தோசைத் திருப்பியைக் கீழே வைத்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார்.

அப்போதுதான் முதலாளி ஆரோக்கியதாஸ் உள்ளே நுழைந்தார். ஒரு பார்வை பார்த்தார்.

“எவன்டா மெஷின்ல கை வெச்சது?”

“நான்தான் சார். ரோல் தப்பா இருந்துச்சு, சரியா மாட்டி...”

“என்னத்த சரி? கண்டதையும் அடிச்சுத் தள்ளுது!” சீட்டுகளை மொத்தமாக அள்ளிக் கசக்கி அடுப்பில் போட்டார். மைன்ஸ்காரர் பக்கம் திரும்பினார். “மன்னிச்சுக்கங்க சார். மெஷின் தப்பா அடிச்சா மாஸ்டர் என்ன பண்ணுவார்? மாஸ்டர், நீங்க கல்லைப் பாருங்க.”

குழந்தைவேலின் கை நின்றது. சட்டை ஆணிக்கே திரும்பியது.

“அதான மொதலாளி... நானும் இன்னாடா இதுன்னு பாத்தேன்.” கல்லில் தண்ணீர் தெளித்தார்.

“தம்பி, கம்ப்யூட்டரைப் பழையபடி மாத்து.”

வளவன் மாற்றினான்.

ஆரோக்கியதாஸ் பிரிண்டரைத் திறந்தார். மாஸ்டருக்கு மறைவாக நின்றுகொண்டு, பழகிய கையால், ரோலைத் திருப்பி மாட்டி மூடினார்.

வளவன் பார்த்தான். நான்சியும் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“மாஸ்டர்! ரெண்டு நெய் ரோஸ்ட்டேய்!”

முன்னைவிடச் சத்தமாக.