பெயர் கேட்டவள்

"தவமணிம்மா, அந்தக் கூடைய இப்படித் தள்ளுங்க."

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்தாள்.

நீலச்சேலைக்காரம்மா கூடையைத் தள்ளினார்.

அப்படியென்றால் அதுதான் பெயர்.

கூப்பிட்டது மிருதுளா. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குன்னூரில் அத்தை வீட்டுக்கு வந்த கல்லூரிப் பெண். வீடில்லாத பெண்கள் தங்கும் இந்த இல்லத்துக்கு உதவிக்கு வந்து நான்கே நாள்.

டீச்சர் இங்கே வரத் தொடங்கி மூன்று வருடம்.

பள்ளி நாட்களில் சனிக்கிழமைதோறும் வருவாள். அரையாண்டு விடுமுறையில் தினமும். பனியில் வெடித்து ரத்தம் கசிந்த நீலச்சேலைக்காரம்மாவின் கால்களை வெந்நீரில் கழுவி மருந்து போட்டவள் அவள். போன மார்கழியில் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள். அங்கேயும் கேட்டாள்.

உங்க பேர் என்னம்மா?

அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வந்த அன்று கட்டியிருந்த சேலையை வைத்தே எல்லோரும் கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

இந்தப் பெண் என்ன செய்துவிட்டாள்? ஒன்பதரைக்கு வருகிறாள். போனில் பாட்டுப் போடுகிறாள். பாதிப் பட்டாணியைப் பச்சையாகத் தின்கிறாள்.

வயிறு எரிந்தது.

நாற்பத்தாறு வயதில், மகள் வயதுப் பெண்மேல். கூச்சமாக இருந்தது. கூசிக்கொண்டே எரிந்தது.

மிருதுளா போன் பேச வெளியே போனாள்.

"அந்தப் பொண்ணு நாளன்னிக்கு ஊருக்குப் போயிரும். அப்புறம் வராது" என்றாள் டீச்சர். மெதுவாகத்தான் சொன்னாள். அந்த அம்மாவின் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

வாடவில்லை.

"தெரியும் டீச்சர். அதான் அதுகிட்ட பேரைச் சொன்னேன்."

ஒரு காய் பிளந்தது. மணிகள் தட்டில் விழுந்தன.

"நீங்க விடமாட்டீங்க. தேடிப் பிடிச்சு வீட்ல கொண்டுபோயி விட்டுருவீங்க."



பேரை மட்டும் சொல்லுங்க, ஒரே வாரத்துல உங்க வீட்டைக் கண்டுபிடிச்சிரலாம். மூன்று வருடமாக அவள் சொல்லிவந்தது அதைத்தான். ஆறுதல் என்று நினைத்துச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அந்தத் தோள்கள் இறுகியது இப்போது நினைவுக்கு வந்தது.

இல்லத்துப் பொறுப்பாளர் லில்லிபுஷ்பம் நோட்டுடன் வந்தார். வருடக் கடைசி. ஆட்களின் விவரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

நீலச்சேலைக்காரம்மாவைப் பேனாவால் காட்டினார்.

"இவங்க பேரு இந்த வருசமாவது தெரிஞ்சுதா டீச்சர்? சொன்னா உங்ககிட்டதான் சொல்லுவாங்க."

அந்த அம்மா தலை நிமிரவில்லை. பட்டாணியும் உரிக்கவில்லை.

"என்கிட்ட சொல்லல" என்றாள் டீச்சர்.

பொய்யில்லை.