திட்டு நின்ற பிறகு

தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாலே அவள் தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். “எருமை! காலர் கோணுது பார். கண்ணு எங்க மேயுது?”

கணவன்தான் கெஞ்சிக் கூத்தாடி அவளை மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனான். “திட்டு வாயில வரும்போதெல்லாம் நல்ல வார்த்தையா மாத்திச் சொல்லுங்க” என்றார் அவர்.

பலித்தும்விட்டது. “என்னால முடியும், நல்லாத் தைப்பேன்” என்று அவள் முணுமுணுத்தபோது அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போலிருந்தது.

ஒரு மாலை, மெஷின்மேல் தலைசாய்த்து அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“மறுபடி திட்டு வந்துடுச்சாம்மா?”

“வரவே மாட்டேங்குதுங்க.”

“நல்லதுதானே? அதுக்கா அழறே?”

“தைக்கக் கத்துக்குடுத்தப்போ அம்மா திட்டின திட்டுங்க அது. அவங்க போனப்புறம் இங்க உக்காந்தாதான் அவங்க குரல் கேக்கும். இப்போ அதுவும் போச்சு.”

அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: “அத்தை பாராட்டினா எப்படிப் பாராட்டுவாங்க?”

“அவங்க பாராட்டி யார் கேட்டா?” கண்ணைத் துடைத்துக்கொண்டு, தைத்து முடித்த சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். வீடே அதிர, அதே பழைய அதட்டல் கிளம்பியது:

“எருமை! காலர் என்னமா உக்காந்திருக்கு பார்!”