காணாமல் போன செம்புச் சுருள்

வேலைக்குப் பேர் கொடுக்கும் காலை ஆறு மணிப் பெரட்டுக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. பெரட்டுக்களத்தில் பெரிய துரையும் அவருடைய நாயும் மட்டும் நின்றார்கள்.

தேயிலைத் தோட்டத்தை எழுப்ப இருபது வருடமாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முற்றத்தில் தப்படித்தவன் அழகன். போன மாதம் துரை அந்தச் சத்தத்தை டேப்பில் பதிந்தார். சீமையிலிருந்து வந்த பெரிய ஸ்பீக்கரைப் பங்களா விறாந்தையில் லயத்தைப் பார்த்து வைத்தார். ஐந்து மணிக்குப் பொத்தானை அமுக்கினால் மலையே அதிரும். அழகனைப் பங்களாவுக்குப் பின்னால் விறகு பிளக்கப் போட்டுவிட்டார்கள்.

இன்றைக்கு ஸ்பீக்கரிலிருந்து ‘டிக், டிக்’ என்று மட்டும்தான் வந்தது. லயத்தில் யார் காதிலும் விழவில்லை.

ஹட்டனிலிருந்து வந்த ரேடியோ மெக்கானிக் இஸ்ஸதீன் பின்பலகையைக் கழற்றினார்.

“தொர, இதுக்குள்ள சத்தத்தப் பிரிக்கிற கிராஸோவர் இருக்கு. கீச்சுச் சத்தம் சின்ன ஸ்பீக்கருக்குப் போகும். தடிச்ச சத்தம் செம்புச் சுருள் வழியாப் பெரிய ஸ்பீக்கருக்குப் போகும். அந்தச் சுருளத்தான் யாரோ கழட்டிட்டாங்க. தெரிஞ்ச ஆள் வேலை.”

“யாருக்குத் தெரியும்?”

“மாட்டுறப்ப இதே விறாந்தையில வெளக்கிச் சொன்னேன். அழகன்தான் நோண்டி நோண்டிக் கேட்டான்.”

பக்கத்து நாற்காலியில் வழக்கம்போலக் கம்பளி பின்னிக்கொண்டிருந்த துரையின் மனைவி துரைசாணி நிமிர்ந்து பார்த்தாள்.

அழகனைக் கூட்டி வந்தார்கள்.

“நான் எடுக்கலீங்க தொரை. புள்ளகுட்டிக்காரனுங்க.”

“பொய்! உனக்குப் பத்துச்சீட்டு!” துரை பேனாவைத் திறந்தார்.

பத்துச்சீட்டு என்றால் வேலையும் போகும், லயத்துக் காம்பராவும் போகும். வாசலில் அவன் மனைவி காளியாயி தலையிலடித்துக்கொண்டு அழுதாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

துரைசாணிக்கு மனம் இளகியது.

“இவன் போனால் நாளைக்கு யார் தப்படிக்கிறது?”

துரை இஸ்ஸதீனைப் பார்த்தார்.

“அளவு பிசகாம அந்தச் சுருள நம்மளால சுத்த ஏலாது தொர. சீமையிலருந்துதான் வரணும். ஆறு மாசம் ஆகும்.”

துரை பேனாவை மூடினார். தப்பு மறுபடி அழகன் கைக்கு வந்தது.

“மகராசி, நீங்க நல்லா இருக்கணும்!” காளியாயி துரைசாணியின் காலில் விழுந்தாள்.

மறுநாள் தூரத்து லயத்தில் தப்பு முழங்கியது. பெரட்டுக்களம் நிரம்பியது.

ஒரு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக எட்டு மணிவரை தூங்கி எழுந்த துரைசாணி, செம்புச் சுருளின்மேல் இன்னும் நாலு சுற்றுக் கம்பளி நூலைச் சுற்றிப் பின்னல் கூடைக்குள் போட்டாள்.