பூஜையில் இருந்த கையேடு

"அந்தக் கையேட்டை எடுத்துக் குடேன், அம்புஜம்!"

போர்ட் லூயி நகரத்து சாந்த் குருவா பேட்டையில், தன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஜம்புநாதன் வாத்தியார் கெஞ்சினார். திருட்டுப் பிரதி இல்லையென்று காட்டி விளையாட்டைத் திறப்பதற்கு, அதோடு வந்த கையேட்டின் பதினாலாம் பக்கத்துக் கடைசி வார்த்தையைத் திரை கேட்டது. கையேடோ சரஸ்வதி பூஜையில் மற்ற புத்தகங்களோடு இருந்தது.

"நாளைக்குப் புனர்பூஜை ஆகாம தொடப்படாது" என்றாள் மனைவி.

"ரெண்டு தடவை குத்துமதிப்பா அடிச்சுட்டேன். மூணாவதும் தப்பானா, சேமிச்ச ஆட்டமெல்லாம் அழிஞ்சுடுமாம். அணைச்சாலும் அதே கதிதான். போர்ட் லூயில் காசு குடுத்து வாங்கினவனையே திருடன்னு நினைக்கறான்!"

அம்புஜம் கிட்டே வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "ஆறு மாச ஆட்டமுமா?"

"எல்லாமும்தான். பதில் அடிக்க இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கு." அவர் விரல் ஏதோ ஓர் எழுத்தின் மேல் இறங்கப் போனது.

"கையை எடுங்கோ!"

அடுக்களைக்கு ஓடியவள் சமையல் குறிப்பு நோட்டோடு திரும்பினாள். ரசப்பொடிக்கு அடுத்த பக்கத்தைப் பார்த்து, ஒரு வார்த்தையை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். விளையாட்டு திறந்துகொண்டது.

"இது எப்படிடீ உன்கிட்டே?"

"பள்ளிக்கூடம் போறச்சே கையேட்டை பீரோவில் வச்சுப் பூட்டிண்டு போறேளே! ஞாயித்துக்கிழமை நீங்க தூங்கறச்சே முழுசும் எழுதி வச்சுண்டேன். வேற பேர்ல என் ஆட்டமும் அதுலதான் இருக்கு. நீங்க இன்னும் மூணாவது கோட்டையிலே நிக்கறேள். நான் ஒன்பதாவதுலே."