பதினேழாம் நம்பர் தலை

காலை ஒன்பது மணிக்குள் ஜகந்நாதன் நான்கு காபி குடித்துவிட்டார். ஐந்தாவதை மேஜைமேல் கொட்டினார்.

பதினேழாம் நம்பர் தலையைக் காணோம். அதுதான் விஷயம்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார்க் கதவு செய்யும் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கும் முடி ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவர்தான் தலைவர். வழுக்கையில் மயிர்க்கால்கள் சாவதில்லை, தூங்கத்தான் செய்கின்றன என்பது அவர் கட்சி. அவற்றைத் தட்டி எழுப்ப ஒரு மருந்து கண்டுபிடித்து, மூன்று வருஷமாக இருபத்துநாலு வழுக்கைகளில் தடவிப் பார்த்தார். இருபத்துமூன்று தலைகள் பளபளவென்று அப்படியே இருந்தன. பதினேழாம் நம்பர் மட்டும் கறுகறுவென்று விளைந்தது.

அந்தத் தலைக்குச் சொந்தக்காரன் இசக்கிதுரை. ஊர் திசையன்விளை, ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. இருபத்தேழு வயதில் மண்டை வெளுத்துப்போய், மூன்று பெண் வீடுகளில் பஜ்ஜி தின்றதோடு திரும்பி வந்தவன். சோதனைக்கு ஆள் தேவை என்றதும் முதல் ஆளாக வந்து தலையைக் கொடுத்தான்.

இன்று பதினொரு மணிக்கு மும்பையிலிருந்து முதலீட்டாளர்கள் வருகிறார்கள். போட்டோ, வீடியோ எதையும் நம்ப மாட்டார்களாம். முளைத்த முடியை நேரில் பார்த்து, இழுத்துப் பார்த்து, கருவி வைத்து எண்ணியும் பார்க்க வேண்டுமாம். திருப்தி என்றால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு கூடத்துக்குப் பூட்டு, ஜகந்நாதனின் இருபது வருஷ உழைப்புக்கும் சேர்த்து.

அதற்காக மனிதர் இரண்டு நாளாக வீட்டுக்கே போகவில்லை. நேற்றுக் காலை மனைவி அரவிந்தவல்லி போன் பண்ணி, "ஏன்னா, ஒரு முக்கியமான விஷயம்..." என்று ஆரம்பித்தபோதுகூட, "எதுவானாலும் நாளைக்குச் சொல்லு" என்று எரிந்து விழுந்துவிட்டு வைத்தார்.

வாட்ச்மேன் யாக்கோபுவைக் கூப்பிட்டார்.

"அவனைக் கடைசியா எப்ப பாத்தே?"

"நேத்து காலீல சார். கேட்டாண்ட ஒரு வெள்ளை காரு வந்துச்சு. ஓட்டிக்கினு வந்தவன் கூலிங் கிளாஸ் போட்டுக்கினு இருந்தான். பின்னாடி யாரோ குந்திக்கினு இருந்தாங்க, கறுப்புக் கண்ணாடி, மூஞ்சி தெர்ல. இவன் கிட்ட போனான். ஏறினான். வண்டி பூட்ச்சு."

"அதை இப்ப வந்து சொல்றியா?"

"நீ இப்பத்தான சார் கேக்கற!"

ஜகந்நாதனுக்குச் சந்தேகமே இல்லை. இது வனமாமலையின் வேலை. நாற்பது வருஷமாக முடி வளர மூலிகைத் தைலம் விற்கிற வனமாமலை. இந்த மருந்து வெளியே வந்தால் அவருடைய தைலத்தை யாரும் சீந்த மாட்டார்கள். போன மாதம்தான் இசக்கிதுரையிடம் ஆள் அனுப்பி, 'அங்கே என்ன தடவுகிறார்கள்?' என்று நூல்விட்டுப் பார்த்திருந்தார்.

பத்து மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் காந்திமதி வந்தார். ஜகந்நாதன் சொல்லச் சொல்லப் புகாரை எழுதிக்கொண்டார். கடத்தப்பட்டவர், இசக்கிதுரை. கடத்தச் சொன்னவர், வனமாமலை.

"நீங்க போன்ல சொன்னதுமே அவன் நம்பரை டிராக் பண்ணச் சொல்லிட்டேன். போன் நேத்து மத்தியானம் ஆந்திரா பார்டரைத் தாண்டியிருக்கு சார். சாயந்திரத்துல இருந்து சுவிட்ச் ஆஃப்" என்றார் காந்திமதி.

"வனமாமலையோட இன்னொரு ஃபேக்டரி அங்கேதான் இருக்கு!" ஜகந்நாதன் மேஜையைத் தட்டினார். "பையனை என்ன பண்ணினானோ!"

பையனைவிடப் பையனின் தலையைப் பற்றித்தான் அவர் கவலைப்பட்டார் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

பத்து ஐம்பதுக்கு யாக்கோபு மூச்சிரைக்க ஓடி வந்தான். "சார்! அதே காரு!"

எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். முன்கதவைத் திறந்துகொண்டு கூலிங் கிளாஸ் இறங்கியது. கழற்றினால், மச்சினன் கிச்சா. பின்கதவு வழியே கையில் லட்டுப் பையோடு அரவிந்தவல்லி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இசக்கிதுரை.

தலை முழுக்கச் சந்தனம். ஒரு முடி இல்லை.

ஜகந்நாதன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கோவப்படாதிய சார்" என்றான் இசக்கிதுரை. "ஒங்க ஆராய்ச்சிக்காக வேண்டினதுன்னு அம்மா சொன்னாவ, மாட்டேன்னு எப்படிச் சொல்ல? எனக்கும் நல்லதுதான். வழுக்கைன்னாத்தான் பொண்ணு தர மாட்டாவ. திருப்பதி மொட்டைன்னா மரியாதையாப் பாப்பாவ."

"இன்னிக்குப் பெரிய மனுஷாள்லாம் வரா. அதுக்குள்ள பெருமாள் பாக்கியைத் தீர்த்துடலாம்னு கிளம்பிட்டேன்" என்றாள் அரவிந்தவல்லி. "அதைச் சொல்லத்தான் போன் பண்ணினேன். நீங்கதான் வெச்சுட்டேள். மலையில போனை வாங்கி வெச்சுண்டுட்டா."

"ஐயோ, அந்த முடியைத்தாண்டி அவா எண்ணிப் பாக்கணும்!"

"எடுத்தா என்னன்னா? திரும்ப முளைக்கும்னுதானே நீங்க கண்டுபிடிச்சிருக்கேள்?"

தெருமுனையில் முதலீட்டாளர்களின் கார்கள் திரும்புவது தெரிந்தது. இருபது வருஷமும் ஜகந்நாதனின் கண் முன்னே சந்தன வாசனையோடு கரைந்தது. அடக்க முடியாமல் கத்திவிட்டார்.

"யாரைக் கேட்டுண்டு இப்படி வேண்டிண்டே?"

அரவிந்தவல்லி நிஜமாகவே விழித்தாள். "நானா? மருந்து தடவ ஆரம்பிச்ச வருஷம், சன்னிதியில நின்னுண்டு, 'முதல்ல முளைக்கிற முடி ஒனக்குத்தான் பெருமாளே'ன்னு ஊரே கேக்கற மாதிரி வேண்டிண்டது நீங்கதானே!"

காந்திமதி பேனாவைத் திறந்தார். 'கடத்தச் சொன்னவர்' என்ற இடத்தில் வனமாமலையை அடித்துவிட்டு, புகார் கொடுத்தவரின் பெயரையே எழுதினார்.