ஃபோம் பலகை

2019 மார்ச் 14, வியாழக்கிழமை காலை, வீட்டிலேயே ஒலிநூல் வாசித்துப் பிழைக்கும் விசாலம், பதிவறைச் சுவர்களுக்கு ஃபோம் பலகை வாங்கக் கடைக்குச் சென்றாள். பக்கவாதத்தில் படுத்த கணவர் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது பதிவில் விழுந்து, இரண்டு புத்தகங்கள் திரும்பி வந்திருந்தன. பேச்சிழந்த அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சொல் அவள் பெயர்.

“இருக்கிறதிலேயே கனமானதைக் குடுங்க.”

கடைக்காரர் சிரித்தார். “எல்லாரும் பண்ற தப்புதான்க்கா. இது எதிரொலியைத்தான் குடிக்கும். பக்கத்து ரூம் சத்தத்தை நிறுத்தாது. ஒட்டினா அது இன்னும் தெளிவாக் கேக்கும். வீட்ல கைக்குழந்தையா?”

“ஆமாம்,” என்றாள் விசாலம்.

சாம்பல்நிறப் பலகையொன்றைக் காதோடு அழுத்திப் பார்த்தாள். கடைத்தெரு அப்படியே கேட்டது.

பலகைகள் வாங்கப்படவில்லை. கணவரின் கட்டிலைக் கொல்லைக்கோடிச் சாமான் அறைக்கு மாற்றுவதென்றும், பதிவு நேரத்தில் அதன் கதவைச் சாத்திவைப்பதென்றும் முடிவாயிற்று.