முப்பது முட்டை

பலாங்கொடையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் கடைசி பஸ்ஸில், நின்றிருந்த பூங்காவனம் தன் பையை உட்கார்ந்திருந்த கதிரேசனின் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் பிடிச்சுக்குங்கண்ணே. முப்பது முட்டை."

கதிரேசன் மூச்சைக்கூட அளந்துதான் விட்டான். கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, முன்னால போங்க" என்று நெருக்கியதில் அவள் முன்பக்கம் போய்விட்டாள்.

அவன் இறங்கவேண்டிய பாலத்தடி வந்தது.

"தங்கச்சி, நான் எறங்கணும்."

அவள் திரும்பவில்லை. பையைக் கைமாற்றி அனுப்பினால் பஸ் முழுக்க ஆம்லெட்தான். எழுந்து நிற்கவும் இடமில்லை. பாலம் போனது, மழை பிடித்தது, கால் மரத்தது. மூன்று மைல் தள்ளி, கடைசித் தரிப்பில்தான் அவள் வந்து பையை வாங்கித் தொப்பென்று தரையில் போட்டாள்.

"முட்டை போச்சே."

"உருளைக்கிழங்குண்ணே. முட்டைன்னு சொன்னாத்தானே நசுக்காம வச்சிருப்பாங்க."

"இந்தப் புத்தியை யாரு சொல்லிக்குடுத்தா?"

"நீங்கதான். போன கிழமை உங்க முப்பது முட்டையை நான்தான் மடியில வச்சிருந்தேன். என் எடத்துல எறங்க முடியாம பாலம் வரைக்கும் வந்தேன். அங்க நீங்க என் மூஞ்சியைக்கூடப் பாக்காம பையை வாங்கையில வெங்காயம் உருண்டுச்சு."

கதிரேசன் மழையைப் பார்த்தான். பஸ் இனி விடிந்தால்தான் கீழே இறங்கும்.

"அப்ப உங்க வீடு?"

"பாலத்துக்கும் கீழ ரெண்டு மைல். உங்களுக்காகத்தான் அங்க எறங்காம வந்தேன். வாங்க, சேந்தே நடப்போம். கிழங்கை நீங்க தூக்குங்க."